பெல்லாரியில் இருந்த செம்மலையப்பன்

9 ஜூன் 1997, திங்கள்

உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு யூரியா மூட்டைப் படம். ஐந்து மாதமாகத் தொடவே இல்லை. இன்று எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்குச் சிலை வைக்கப் போகிறார்கள்.

பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுதந்திரப் பொன்விழாவை ஒட்டி ஆகஸ்டு 15 அன்று திறக்கப் போகும் புதுப் பேருந்து நிலையத்துக்கு 'தியாகி செம்மலையப்பன் பேருந்து நிலையம்' என்று பெயர். வாசலில் மார்பளவுச் சிலை. அந்தத் தீர்மானத்தைக் கூட்டப் புத்தகத்தில் எழுதியதே நான்தான். பதினெட்டு வருடமாகச் சாக்கடை, தெருவிளக்கு, நாய் பிடிக்கும் வண்டி என்று எழுதிய கை. அப்பா பெயர் வந்ததும் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

கூட்டம் முடிந்து தலைவர் பாலதண்டபாணி என் மேசைக்கே வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். துணி கிழிப்பதுபோல் பட்டென்று பேசுவார்.

"ஏனுங்க சுலோசனா, செலைக்குக் கீழ கல்லுல உங்கப்பாரோட வரலாறு வேணுமுங்க. நீங்களே எழுதிக் குடுத்துருங்க. இருவது வரி. அதுக்கு மேல போனாக் கல்லு பத்தாது."

"எனக்கே ரெண்டு மூணு வரிதானுங்க தெரியும்."

"தந்திக் கம்பிய அறுத்தாரு. பெல்லாரி ஜெயிலுக்குப் போனாரு. தாமிரப் பட்டயம் வாங்குனாரு. மூணு ஆச்சுங்களே! மிச்சம் பதினேழுதான்."

10 ஜூன், செவ்வாய்

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபத்தோரு வயது. சிலைச் செய்தியைச் சொன்னதும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எதுக்கு வெட்டிச் செலவு?" என்று அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, பெல்லாரியில அப்பா எத்தன மாசம் இருந்தாரு?"

"அது கெடக்குது, ஒரு ஆறு வருசம்."

"பட்டயத்தோட வந்த தாள்ல பதினாலு மாசம்னு போட்டிருக்குதே?"

"அப்பப் பதினாலு மாசம்னே போட்டுக்க."

முறத்தை நாலு தட்டுத் தட்டினாள். பிறகு தானாகவே, "பொங்கலுக்கு லீவுல வந்தப்பத்தான் என்னையப் பாத்துட்டுப் போனாரு. மறு பொங்கலுக்கு லீவு கெடச்சு வந்து தாலி கட்டுனாரு" என்றாள்.

கைதிக்கு லீவு கொடுப்பார்களா என்று கேட்டேன். கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கள் புழக்கடையில் கறிவேப்பிலை மரமே இருக்கிறது.

வயதாகிறது, பாவம். ஞாபகம் பிசகுகிறது. அல்லது பிரிட்டிஷ்காரர்கள் சில விஷயங்களில் தாராளமாக இருந்திருக்க வேண்டும்.

16 ஜூன், திங்கள்

மைக் செட் கடை ரத்தினவேல் ஆபீஸுக்கு வந்து ஒரு சண்டை போட்டுவிட்டுப் போனார். மைக்கிலேயே பேசிப் பழகியவர். பக்கத்துத் தெருவரை கேட்டிருக்கும்.

விஷயம் இது. எங்கள் ஊர் மலைமேல் இருக்கிற சாமிக்குச் செம்மலையப்பன் என்று பெயர். வீட்டுக்கு ஒரு பையனுக்காவது அந்தப் பெயர் வைப்பது வழக்கம். வாக்காளர் பட்டியலில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு செம்மலையப்பன்கள் இருக்கிறார்கள். கடைத்தெருவில் நின்று "செம்மலை" என்று கூப்பிட்டால் பாதிக் கடைத்தெரு திரும்பிப் பார்க்கும். ரத்தினவேலின் தாத்தாவும் ஒரு செம்மலையப்பன். நாடகத்தில் ராஜபார்ட் வேஷம் கட்டியவர்.

"நெசத் தியாகி என்ற தாத்தனுங்க! மேடையில தேசபக்திப் பாட்டுப் பாடுனாருன்னு போலீஸ் புடிச்சுட்டுப் போச்சு. பட்டயம் ஊடு மாறி உங்கூட்டுக்கு வந்துருச்சு!"

ஒரு போட்டோவை மேசையில் போட்டார். காதில் கடுக்கன், தோள்வரை முடி, நெஞ்சில் எட்டு மெடல்.

"தாத்தா எப்பங்க தவறுனாரு?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணுல. சமாதியிலயே எழுதியிருக்குது."

"தந்திக் கம்பி அறுத்தது நாப்பத்திரண்டுலீங்க. செத்துப் பதினோரு வருசங் கழிச்சா வந்து அறுத்தாரு?"

ரத்தினவேல் வாயை மூடியதை இந்த ஊரில் முதலில் பார்த்தது நான்தான். சாயங்காலம் இரண்டு தேன்மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

17 ஜூன், செவ்வாய்

தலைவர் கவலையாக இருந்தார். பேரூராட்சியின் எல்லா விழாவுக்கும் ரத்தினவேல்தான் இலவசமாக மைக் செட் கட்டுகிறார்.

"சுலோசனா, உங்கப்பாரு பாட்டும் பாடுவாருன்னு ஒரு வரி போட்டுக்கலாமுங்களா?"

"எங்கப்பா குளிக்கறப்பக் கூடப் பாடினதில்லீங்க."

"கல்லு என்ன, காதுலயா கேக்கப் போகுது? போடுங்க. அப்பறம் ஒரு பேப்பர் விளம்பரம் குடுத்திருக்கேன். பெல்லாரியில உங்கப்பாரு கூட இருந்தவங்க யாராவது இருந்தா எழுதுங்கன்னு. பத்து வரியாவது தேறும்."

3 ஜூலை, வியாழன்

விளம்பரத்துக்கு ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது. சேலம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ராயப்பன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார், வயது எழுபத்தெட்டு. அழகான கையெழுத்து. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"செம்மலையப்பனை நன்றாக நினைவிருக்கிறது. என் பக்கத்துப் பாய் அவனுடையது. தந்திக் கம்பியை அறுக்கும்போது கம்பி துள்ளி அடித்து இடது சுண்டுவிரலில் பாதி போய்விட்டது என்பான். உள்ளே வரும்போது எழுத்து தெரியாது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இதில் ஒரு வேடிக்கை. அதே ஊர்க்காரர், அதே பெயர்க்காரர் ஒருவர் அங்கே சிறைக்காவல் வார்டராக இருந்தார். ஆகவே இவனை உள் செம்மலை என்றும் அவரை வெளிச் செம்மலை என்றும் அழைப்போம். வெளிச் செம்மலை நல்ல மனிதர். வயிற்றுவலிக்காரர். இருவரும் நலமா?"

அப்பாவுக்குப் பத்து விரலும் இருந்தன.

கடிதக்காரருக்கு வயது எழுபத்தெட்டு.

4 ஜூலை, வெள்ளி

நாய் பிடிக்கும் வண்டி கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். வேறொன்றும் விசேஷமில்லை.

6 ஜூலை, ஞாயிறு

குடிநீர் வரும் நாள். எல்லாக் குடமும் நிரப்பினேன். அதன்பின் அப்பாவின் போட்டோக்களைத் துடைத்தேன். வருடாவருடம் ஆகஸ்டு 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிய போட்டோக்கள் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் இடது கை தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தூசு இருந்ததால் பார்த்தேன்.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டு 14 அன்று அப்பாவுக்குத் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும். ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மறுநாள் காலை தலைமையாசிரியர் ஆள் அனுப்பிக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போவார்கள். எவ்வளவு அடக்கம் என்று ஊரே சொல்லும்.

வயிற்றுவலி யாருக்குத்தான் இல்லை? ராயப்பன் வாத்தியாருக்குக்கூட இருக்கும்.

13 ஜூலை, ஞாயிறு

கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எழுந்து போகாமல் இருக்க முதலிலேயே பையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

கேட்டு முடித்துக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். பிறகு, "உங்கப்பாரு பொய் சொல்லல. ஜெயில்லதான் இருந்தாரு. கம்பிக்கு இந்தப் பக்கமா இருந்தாரு" என்றாள்.

அம்மா சொன்னது: அப்பா முப்பத்தெட்டிலிருந்து அங்கே வார்டர். கைதிகள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்து வெளியே கொண்டுபோய்த் தபாலில் போடுவாராம். நாற்பத்து நான்கில் மாட்டிக்கொண்டார். வேலை போய்விட்டது. தகரப்பெட்டியோடு பஸ் ஏறி ஊருக்கு வந்தார்.

"பஸ்ஸ விட்டு எறங்கறாரு, மேளம் அடிக்கறானுங்க! பெல்லாரி ஜெயில்லருந்து செம்மலையப்பன் வர்றான்னு ஊருக்குச் சேதி வந்திருக்குது. எந்தச் செம்மலையப்பன்னு எவன் கேட்டான்? இவரு பாத்தது வார்டர் வேலைன்னு ரெண்டு ஊட்டுக்காரங்களத் தவிர ஊருக்குள்ள யாருக்குந் தெரியாது. வேல போச்சேன்னு அழுதுட்டு வந்த மனுசன் கழுத்துல மாலையப் போட்டுட்டானுங்க. வாய் அடச்சுப் போச்சு."

"மறுநா சொல்லியிருக்கலாமில்ல?"

"மறுநா பள்ளிக்கொடத்துல பேசக் கூப்பிட்டாங்க. அதுக்கு மறுநா மண்டியில வேல குடுத்தாங்க. வாரங் கழிச்சுச் சொல்லலாம்னாரு. அப்பறம் மாசம்னாரு. அப்பறம் சுதந்திரமே வந்துருச்சு."

எழுபத்திரண்டில் தாமிரப் பட்டயம் வந்தபோது அப்பா நாலு நாள் சாப்பிடவில்லையாம். ஐந்தாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு உண்மையான ஆளிடம் கொடுக்கப் போனாராம். அந்த ஆள் வாங்கவில்லை.

"யாரும்மா அந்த ஆளு?"

"நம்ம காத்துக்காரருதான். உனக்குத் தெரியாதா? அன்னிக்கு உன்னையும் கூட்டிட்டுத்தான போனாரு."

எனக்கு ஞாபகம் இல்லை.

14 ஜூலை, திங்கள்

காத்துக்காரர் என்றால் வாரச்சந்தை மூலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். காற்று அடிப்பதால் அந்தப் பெயர். முப்பது வருடமாக என் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார். அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்று யாருமே நினைத்ததில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது சுண்டுவிரலில் பாதி இல்லை. முப்பது வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன். சைக்கிள் சங்கிலியில் மாட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"ஏனுங்கய்யா, உங்க பேரு என்னங்க?"

சக்கரத்தை நிறுத்தினார். "உங்கம்மா சொல்லிருச்சா?"

"செம்மலையப்பன்ங்களா?"

"கத்தாத அம்மிணி. நாலு பேரு திரும்பிப் பாப்பான்."

தலைவர் கேட்கும் வரலாற்றில் இனி அவர் பெயர்தான் வர வேண்டும், சிலையும் அவருக்குத்தான் என்று சொன்னேன். இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"நான் கம்பிய எதுக்கு அறுத்தேன், தெரியுமா? அப்ப உலகச் சண்டைக் காலம். நான் வாடகை சைக்கிள் கடையில எடுபிடி. சக்கரத்துக்குக் கம்பி எங்கயும் கெடைக்கல. நாப்பது சைக்கிள் படுத்துக் கெடக்குது. தந்திக் கம்பி ரோட்டோரமா சும்மா தொங்கிட்டிருந்துச்சு. ஏறி அறுத்தேன்."

"நாட்டுக்காக இல்லீங்களா?"

"சைக்கிளுக்காக! எந்த நேரத்துல அறுத்தேன் பாரு, அந்த ஆகஸ்டு மாசந்தான் நாடு பூராவும் அறுத்துட்டிருக்கறாங்க. எனக்குத் தெரியாது. எனக்குத்தான் பேப்பர் படிக்கத் தெரியாதே! போலீஸ் புடிச்சு, 'உங்க தலைவன் யாருடா?'ன்னான். கடை மொதலாளி பேரச் சொன்னேன். அவரையுந் தேடிட்டுப் போயிட்டாங்க."

உள்ளே போனதும் ஏற்கெனவே இருந்தவர்கள் கட்டிப்பிடித்து 'வா, வீரனே' என்றார்களாம். ஸ்போக்ஸுக்காக அறுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். ஊர்க்கார வார்டர் ஒருவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"உங்கப்பன் சிரிச்ச சிரிப்புல சாவிக்கொத்தே கீழ வுழுந்துருச்சு. விடுதலையானதும் ஊருக்கு வரக் கூச்சமா இருந்துச்சு. கோயமுத்தூர்ல ஒரு மில்லுல பூந்துட்டேன். இருவத்தஞ்சு வருசங் கழிச்சு வர்றேன், உங்கப்பன் இங்க தியாகி! மாலையும் கழுத்துமா நிக்கறான், என்னையப் பாத்துட்டு மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் காத்தடிக்கற பம்ப்பத் தூக்கிச் சல்யூட் அடிச்சேன்."

"பட்டயத்த ஏனுங்கய்யா வாங்கல?"

"அம்மிணி, நான் கம்பி திருடிட்டுப் பதினாலு மாசம் சும்மா ஒக்காந்து சோறு தின்னேன், எழுத்துப் படிச்சேன். அவன் எங்க கடுதாசியச் சொமந்து வேலைய எழந்தான். இதுல எவனுக்குன்னு குடுப்பே? அவனுங் குடுக்க வந்தான், நானும் மாட்டேன்னேன். பொழுதெறங்கற வரைக்கும் ரெண்டு பேரும் அதத் தள்ளி வுட்டுட்டே ஒக்காந்திருந்தோம்."

வரும்போது சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். காற்று குறையவே இல்லை. இருந்தாலும் அடித்தார்.

20 ஜூலை, ஞாயிறு

மாவடு ஜாடியைக் கழுவிக் காயவைத்தேன். தியாகி வாரிசு முன்னுரிமையில் எனக்கு வேலை கிடைத்த உத்தரவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 1979. திருப்பி வைத்துவிட்டேன்.

28 ஜூலை, திங்கள்

சிலை வந்துவிட்டது. வைக்கோல் பிரித்ததும் ஆபீஸே எழுந்து வந்து பார்த்தது.

ரத்தினவேல் மனம் கோணக் கூடாதென்று தலைவர் இரண்டு போட்டோவையும் சிற்பியிடம் கொடுத்திருக்கிறார். முகமும் மீசையும் அப்பாவுடையவை. தோள்வரை முடி, கடுக்கன், எட்டு மெடல் எல்லாம் ராஜபார்ட்டுடையவை. மூக்குப்பொடி மட்டை வாங்கப் போன அப்பாவைப் பிடித்து யாரோ பட்டாபிஷேகம் பண்ணியதுபோல் இருந்தது.

சாயங்காலம் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். சுற்றிவந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "அவருக்குக் கடுக்கன் போடணும்னு ஆச உண்டு. காது குத்தப் பயந்துக்கிட்டாரு."

4 ஆகஸ்டு, திங்கள்

தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று செம்மலையப்பன்களையும். அவர் மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். என் தண்ணீரையும் குடித்தார்.

"அப்பத் தியாகி யாருதானுங்க?"

"தெரியலீங்க."

"சுலோசனா, அழைப்பிதழ் அடிச்சாச்சு. செல வந்தாச்சு. இன்னும் பதினொரு நாளு. நீங்க வாயத் தொறக்காம இருந்தா யாருக்குந் தெரியாதுங்களே. உங்க வேலைக்கும் நல்லது."

"கல்லுல பொய் எழுத மாட்டனுங்க. வேணும்னா வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க. நான் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லிருவேன்."

பதினெட்டு வருடத்தில் ஒரு தலைவரிடம் இப்படிப் பேசியதில்லை.

அவர் ஜன்னல் வழியே கடைத்தெருவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நம்மூர்ல எத்தன செம்மலையப்பன் இருக்கறாங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"முந்நூத்திப் பன்னெண்டுங்க. ஓட்டுப் போடற வயசுல."

"முந்நூத்திப் பன்னெண்டு ஓட்டு" என்றார். முகத்தில் விளக்கு எரிந்தது. "அந்த 'தியாகி'ங்கறத மட்டும் எடுத்துருங்க. மூணு பேரையும் எழுதுங்க. ஆளுக்கு ஒரு பத்தி. எந்தச் செம்மலையப்பனும் தன்னய உட்டுட்டாங்கன்னு சொல்லக் கூடாது."

11 ஆகஸ்டு, திங்கள்

கல்லில் செதுக்கக் கொடுத்த வாசகம்:

"செம்மலையப்பன், மறைவு 1931. நாடகக் கலைஞர். ஒரு பாட்டுக்காக ஓர் இரவு காவல் நிலையத்தில் இருந்தார்.

செம்மலையப்பன், 1916–1984. சிறை வார்டர். கைதிகளின் கடிதங்களைச் சுமந்ததால் வேலை இழந்தார். செய்யாத செயலுக்காக மாலை ஏற்றார், அதற்காக வருந்தினார்.

செம்மலையப்பன், பிறப்பு 1920. 1942இல் தந்திக் கம்பியை அறுத்து, பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். காரணத்தை அவரிடமே கேட்டறியலாம்."

காத்துக்காரர் கடைசி வரியைத்தான் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஸ்போக்ஸுக்குன்னே போடு" என்று முதலில் பிடிவாதம். பேருந்து நிலையத்துக் கல்லில் ஸ்போக்ஸ் வேண்டாம் என்று தலைவர் காலில் விழாத குறை.

இரண்டாம் பத்தியின் கடைசி வாக்கியம் அம்மா சொன்னது. நான் எழுதியதில் அது இல்லை.

15 ஆகஸ்டு, வெள்ளி

மந்திரி வரவில்லை. அவருடைய உதவியாளருக்கு உதவியாளர் வந்தார். நல்ல வெயில்.

ரத்தினவேல் வெள்ளை வேட்டியில் மைக்கைப் பிடித்திருந்தார். கொடியேறியது. பிறகு நிகழ்ச்சி நிரலில் இருந்தபடி, "அடுத்ததாக, செம்மலையப்பன் குடும்பத்தார் மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்கிறோம்!" என்றார்.

ஐந்து பேர் வருவோம் என்று கணக்கு. கூட்டத்தில் ஒரு முந்நூறு பேர் எழுந்தார்கள். டீக்கடைச் செம்மலை, தபால்காரச் செம்மலை, அரிசி மில் செம்மலை, அவர்கள் மனைவிமார், கைக்குழந்தைகள். "என்ற பேருந்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். தலைவர் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே இருந்தார். மேடை 'கிறீச்' என்றது. இரண்டாவது 'கிறீச்'சில் இடது பக்கம் மெல்ல உட்கார்ந்தது. மந்திரி சார்பில் வந்தவர் மாலையோடு கீழே குதித்து, நேராக ஜீப்பில் ஏறிவிட்டார். யாருக்கும் அடி இல்லை. ரத்தினவேல் சாய்ந்த மேடையிலிருந்தும் அறிவிப்பை நிறுத்தவில்லை.

கல்வெட்டை நான்தான் வாசித்தேன். தரையில் நின்று. "சிறை வார்டர்" என்றதும் சலசலப்பு. யாரோ "அப்பத் தியாகி இல்லையா?" என்றார்கள். மேலே வாசிக்க முடியாமல் நின்றேன். முன்வரிசையில் அம்மா, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "படி புள்ள" என்றாள். படித்தேன்.

முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மூணாவது செம்மலையப்பன் யாருங்க?" என்று கத்தினான். காத்துக்காரர் எழுந்து நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் அடையாளம் காணவே இல்லை.

"எதுக்குங்க கம்பிய அறுத்தீங்க?"

"சைக்கிளுக்கு!" என்றார்.

ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். முதலில் கைதட்டியது ரத்தினவேல். மைக்குக்குப் பக்கத்தில் தட்டியதால் நூறு பேர் தட்டியதுபோல் கேட்டது.

18 ஆகஸ்டு, திங்கள்

என் வேலை தவறான தகவலின்பேரில் கிடைத்தது என்று மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். தபால்காரச் செம்மலை கவரைப் புரட்டிப் பார்த்து, "என்ன, லீவுக்குங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

24 செப்டம்பர், புதன்

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது, பெரிய கண்ணாடி. கோப்பைப் புரட்டிவிட்டு, "பேரு ஒண்ணா இருந்ததால வந்த கொழப்பம்னு எழுதிக்கறேன். உங்க மேல தப்பில்ல. உங்களுக்கே இந்த ஜூலையிலதானே தெரிஞ்சுது?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பேனா அந்த வரிக்கு மேல் தயாராக இருந்தது.

"இல்லீங்க" என்றேன். "பட்டயம் வந்த வருசம் எனக்குப் பதினாலு வயசு. எங்கப்பா அதப் பையில போட்டு எடுத்துட்டுப் போனப்ப நானும் கூடப் போனேன். சைக்கிள் கடைக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். உள்ள என்ன பேசினாங்கன்னு கேக்கல. ஆனா அப்பா வெளிய வந்தப்ப அழுதிருந்தாரு. பை காலியாகல. ஏம்ப்பான்னு நான் கேக்கவே இல்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டாச் சொல்லிருவாருன்னுதானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து இந்த டைரியில் ஜூன், ஜூலைப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். கெட்டிக்காரி, எதுவும் தெரியாததுபோல் எவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கிறாள்.

3 நவம்பர், திங்கள்

உத்தரவு தீபாவளிக்கு முன்னமே வந்தது. வேலை இருக்கிறது. முன்னுரிமை ரத்து. பணிமூப்பில் கடைசி இடம். நேற்றுச் சேர்ந்தவர்களுக்கும் கீழே. இருபது மைல் தள்ளி வேறொரு பேரூராட்சிக்கு மாற்றம். தலைவர் ஒரு சேலை கொடுத்து வழியனுப்பினார். காத்துக்காரர் சைக்கிளைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். அங்கே ரோடு மோசமாம்.

இன்று போய்ச் சேர்ந்தேன். தலைமை எழுத்தர் வருகைப் பதிவேட்டைத் திறந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இங்க ஏற்கனவே ரெண்டு சுலோசனா இருக்கறாங்களுங்க. ரெண்டு பேருக்கும் இனிஷியல் 'செ'தான். வரி செக்சன்ல ஒருத்தங்க, தண்ணி செக்சன்ல ஒருத்தங்க. உங்களை என்னன்னுங்க எழுதறது?"

"செம்மலையப்பன் மக சுலோசனான்னு எழுதுங்க."

"அவிங்க அப்பாக்களுமே செம்மலையப்பன்தானுங்களே! உங்களுது எந்தச் செம்மலையப்பன்?"

"ஜெயில் வார்டர் செம்மலையப்பன்" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனாவை உதறிவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டார்.